கழுவிய பானை

எங்கள் துறைக்குப் படிக்க வருகிற பிள்ளைகள் முதல் நாள் என்ன கனவோடு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். தங்கக் கிரீடம், புதையல் பெட்டி, அதைச் சுற்றி ஒரு பாம்பு. ஒரு மாதத்தில் அதெல்லாம் பிளாஸ்டிக் தொட்டியில் கரைந்துவிடும். கையில் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷைக் கொடுத்து, மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பானை ஓடுகளைக் கழுவச் சொல்லுவோம். நகக்கண்ணில் மண் ஏறும், இடுப்பு விட்டுப்போகும். பாதிப் பேர் அடுத்த வருடமே வேறு துறைக்கு ஓடிவிடுவார்கள். ஓடாமல் நின்றவர்களில் சின்னவளும் ஒருத்தி.

நான் படித்தவள் இல்லை. பல்கலைக்கழகத்தில் தொல்லியல் துறையின் சாமான் அறைக்குப் பொறுப்பாக இருந்தேன். தோண்டுகிற இடத்திலிருந்து வருவதை இறக்குவது, கழுவ வைப்பது, காய வைப்பது, அலமாரியில் ஏற்றுவது, இவ்வளவுதான் வேலை. பிள்ளைகளுக்கு நான் ஸ்டோரக்கா. புரொஃபசர்கூட அப்படித்தான் கூப்பிடுவார், என்னைவிட அவருக்குத்தான் வயது கூட என்பதை மறந்துவிட்டு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

சின்னவள் என் வீட்டு மாடி அறையில் குடியிருந்தாள். கடைசி வருடம், ஆய்வேடு எழுதி முடித்தால் பட்டம். துறையில் அப்போது நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய ஓர் ஊரைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வீடுகளின் தரைக்கு அடியில் சின்னச் சின்னச் சமையல் பானைகள் கிடைத்தன. வாயை ஒரு கிண்ணத்தால் மூடி, பதமாக மண்ணில் இறக்கி வைத்த பானைகள். உள்ளே என்ன இருக்கும் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். பிறந்த உடனே செத்துப்போன குழந்தைகள்.

"ஊருக்கு வெளிய கொண்டுபோகல ஸ்டோரக்கா. வீட்டுக்குள்ளயே, அடுப்புக்குப் பக்கத்துலயே வச்சுக்கிட்டாங்க," என்றாள்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "ஏண்டி, இவ்வளவு பெரிய உலகத்துல உனக்கு வேற தலைப்பே கிடைக்கலையா?" என்று திட்டினேன். சிரித்தாள். அவளுடைய அக்கா, பெரியவள், அப்போது நிறைமாசமாக இருந்தாள். முதல் குழந்தை. ஆணா பெண்ணா என்று நாங்கள் பந்தயம்கூடக் கட்டியிருந்தோம்.

பெரியவளுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. பெண். கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டது. வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். அவளுக்கு மயக்கம் தெளிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பையன். துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்தான். அவளுக்குக் காட்ட வேண்டாம், பார்த்தால் தாங்கமாட்டாள் என்று வீட்டில் முடிவு செய்தார்களாம். முடிவு செய்வதற்கு இவர்கள் யார்? பத்து மாதம் சுமந்தவளை ஒரு வார்த்தை கேட்டார்களா? நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றிலிருந்து பெரியவளுக்கு ஒரே கேள்வி. "எங்க வச்சீங்க?" புருஷனைக் கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்கு, சாப்பிடு" என்பான். அம்மாவைக் கேட்டால், "அதையே நினைச்சா உடம்பு கெட்டுடும்" என்பாள். மாமியார், "அடுத்தது வந்தா எல்லாம் சரியாயிடும்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். கேட்டதற்குப் பதில் மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. அவள் அழவும் இல்லை. சமைத்தாள், துவைத்தாள், பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். இடம் மாறினால் மனசு மாறும் என்று புருஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தங்கையிடம் கொண்டுவந்து விட்டான். என் வீட்டு வாசலில் பையை இறக்கி வைத்துவிட்டு, "பாத்துக்கோங்கக்கா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

மாடியிலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளைச் சின்னவள்தான் துறைக்குக் கூட்டிவந்தாள். வருவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்டோரக்கா, நான் எதப் பத்திப் படிக்கிறேன்னு அவளுக்குத் தெரியாது. பானைன்னு மட்டும்தான் சொல்லிருக்கேன். வாய் தவறிக்கூட..."

"என் வாயப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா? போடி," என்றேன்.

கழுவும் இடம் சாமான் அறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை. வரிசையாகத் தொட்டிகள், குட்டை முக்காலிகள், காய வைக்கக் கம்பி வலைத் தட்டுகள். கழுவின சேற்றுத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். அதனால் கொட்டகைக்கு வெளியே சிமெண்டில் ஒரு குழி கட்டி அதில் ஊற்றுவோம். அந்த மாதம் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. பெரியவளுக்கு அது வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன். யாரும் ஆறுதல் சொல்ல முடியாது பாருங்கள்.

வேலை அவளுக்கு உடனே பிடிபட்டது. ஓட்டுத் துண்டை இடது உள்ளங்கையில் வைத்து, உடைந்த விளிம்பை முதலில் தேய்த்து, பிறகு உள்பக்கம், பிறகு வெளிப்பக்கம். அழுத்தினால் பூச்சு போய்விடும், தடவினால் மண் போகாது. அவள் கை நடுவில் நின்றது. மதியம் மூன்று பேரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துச் சாப்பிடுவோம். முட்டையைப் பாதியாக்கிப் பெரிய பாதியைத் தங்கை அக்கா பக்கம் தள்ளுவாள், அக்கா தங்கை பக்கம் தள்ளுவாள். "ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா இங்க ஒருத்தி இருக்கேன்" என்று நான் எடுத்துக்கொள்வேன். ஒருநாள் பெரியவள் உதட்டோரம் சிரித்தாள். சின்னவள் அன்றைக்கு முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள்.

அடுத்த வாரமே அது நடந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே மண்ணோடு முழுசாகக் கிடைக்கிற பானையைக் கழுவக்கூடாது. அதன் கழுத்தில் சிவப்புத் துணி கட்டி அனுப்புவார்கள். சிவப்பைக் கண்டால் நாங்கள் தண்ணீரைக் கிட்டவே கொண்டுபோக மாட்டோம். அந்த மண்ணைப் புரொஃபசர் மேஜையில் வைத்து, மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சலிப்பார்கள். துணி கட்டுவது யார் வேலை என்றால், மண்ணிலிருந்து எடுத்தவள் வேலை. சின்னவள் அப்படி ஒரு பானையை மண்ணிலிருந்து எடுத்த அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பானையைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, கையில் ஒட்டின மண்ணோடு பஸ் பிடிக்க ஓடினாள். மற்றவர்கள் அதைப் பிரிக்காமல் ஓடுகள் இருந்த பெட்டியில் வைத்துவிட்டார்கள். துணி கட்டியிருப்பாள் என்று அவர்கள் நினைத்தார்கள், கட்டியிருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். திரும்பி வந்தபின் அந்தப் பெட்டி இன்னும் தோண்டும் இடத்திலேயே கிடப்பதாக நம்பிக்கொண்டிருந்தாள். அது அன்று காலையிலேயே கொட்டகைக்கு வந்து இறங்கிவிட்டது.

நான் ஆபீசுக்குப் போய்விட்டு வரும்போது பெரியவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"ஸ்டோரக்கா, முழுப் பானை! ஒரு கீறல் இல்ல பாருங்க. உள்ள மண்ணு கல்லா இறுகிப்போய் இருந்துச்சு. ஊறவச்சு, கைய விட்டுச் சுரண்டி எடுத்துட்டேன்."

இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினாள். அடியில் அடுப்புக் கரி படிந்த சின்னப் பானை. உள்ளே பளிச்சென்று இருந்தது. கழுத்தில் சிவப்புத் துணியைத் தேடினேன், இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் வகுப்பு முடிந்து குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பானையைப் பார்த்தாள். குடை கையிலிருந்து நழுவியது.

"அக்கா. உள்ள இருந்த மண்ணு எங்க?"

"வெளிய குழில ஊத்தினேன். நீதான சாக்கடைல ஊத்தாதன்னு சொன்ன?" பெரியவளின் குரல் இறங்கியது. "தப்பா? கழுவக்கூடாதா?"

"தப்பெல்லாம் இல்லக்கா. உன் தப்பு இல்ல."

"பின்ன ஏன் உன் மூஞ்சி இப்படிப் போச்சு?"

"உள்ள... உள்ள பாசிமணி ஏதாச்சும் இருந்திருக்கும். தேடிப் பாக்கணும். நீ வீட்டுக்குப் போக்கா. மழையா இருக்கு."

"கொட்டினது நான். தேடுறதுக்கு நீயா? நல்லாருக்கே," என்று பெரியவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

புரொஃபசர் வந்தார். அந்த மனுஷனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "துணி கட்டாம ஒரு பானை எப்படி வெளிய வந்துச்சு? முதல் வருஷப் பிள்ளைக்குத் தெரியும் இது!" என்று கத்தினார். சின்னவள், "நான்தான் சார். கட்டாமப் போயிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். எதற்காகப் போனாள் என்று அவருக்கே தெரியும். பெரியவளைப் பார்த்தார். பிறகு கால்சட்டையை முழங்காலுக்கு மடித்து, அவரே சல்லடையைத் தூக்கிக்கொண்டு குழிக்குப் போனார்.

வாளி வாளியாகச் சேற்றை எடுத்தோம். நான் தண்ணீர் விட, சின்னவள் சல்லடையை ஆட்ட, பெரியவளும் புரொஃபசரும் தங்கியதை விரலால் பிரித்தார்கள். கூழாங்கல், வேர்த் துண்டு, நத்தை ஓடு. ஒரு வாரச் சேறு எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. கை மரத்துப்போனது.

பெரியவளுக்குத்தான் கிடைத்தது. தீக்குச்சி அளவுக்கு, காவி நிறத்தில், லேசாக வளைந்த ஒன்று. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது மணி இல்லையே. கோழி எலும்பா?"

சின்னவள் சல்லடையை நிறுத்தினாள். புரொஃபசர் எங்கேயோ பார்த்தார். பெரியவள் எங்கள் மூன்று பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆறு வாரமாக அவள் பார்த்துப் பழகின, பதிலை மறைக்கிற முகங்கள் அல்லவா அவை, உடனே புரிந்துவிட்டது.

"குழந்தையா?" என்றாள்.

"ஆமாக்கா."

"விலாவா இது?"

"விலாதான்."

"எவ்வளவு பெருசு?"

"பொறந்த குழந்தை. மாசம் நிரம்பின குழந்தை."

பெரியவள் அந்த எலும்பை மூடின கைக்குள் வைத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் கைய விட்டுச் சுரண்டினேனே. கல்லு மாதிரி இருக்குன்னு கரண்டியால குத்தினேனே," என்றாள். சின்னவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அக்காதான் தங்கையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவளே கேட்டாள். "எங்க இருந்துச்சு இது?"

"ஒரு வீட்டுக்குள்ள. சமையல் பண்ற எடத்துல, அடுப்புலேருந்து ரெண்டு முழம் தள்ளி. வாய் கெழக்கப் பாத்து இருந்துச்சு. வாய ஒரு கிண்ணத்தால மூடி வச்சிருந்தாங்க."

"அப்ப பெத்தவ தினமும் அதும் பக்கத்துலயேதான் உக்காந்து சமைச்சிருப்பா."

"ஆமாக்கா."

"அவளுக்குத் தெரியும் எங்க இருக்குன்னு."

"தெரியும்."

"நாலாயிரம் வருஷம் கழிச்சு உனக்கும் தெரியுது. ரெண்டு முழம், கெழக்கப் பாத்துன்னு சொல்ற." பெரியவள் குரலை உயர்த்தவில்லை. "என்னோடது எங்கடி?"

சின்னவளுக்கும் உண்மையாகவே தெரியாது. அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் இருந்தாள்.

எலும்புகள் பாதிக்குமேல் கிடைத்தன. மீதி கிடைக்கவில்லை. குழந்தை பானைக்குள் எப்படிப் படுத்திருந்தது என்பதைத்தான் சின்னவள் ஆய்வேட்டில் முக்கியமாக எழுத இருந்தாள்; இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை. "மத்த பானையெல்லாம் ஒரே மாதிரிதான சார் இருந்துச்சு, அத வச்சு இதையும்..." என்று இழுத்தாள். புரொஃபசர் கூடாது என்று தலையாட்டினார். "கழுவிட்டோம், தெரியலன்னு எழுது. அப்படி இருந்திருக்கும்னு நீ எழுதினா அது பொய்." இதைச் சொல்லும்போது அவர் கத்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை புருஷன் வந்தான். பெரியவள் மாடியில் தலை வாரிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு என்னைக் கூட்டிட்டுப் போகலன்னா நானே போய் ஒவ்வொரு எடமாத் தேடுவேன்" என்று போனிலேயே சொல்லியிருந்தாள். அவன் என் சமையலறைக்குள் வந்து நின்றான். டீயைக் கையில் கொடுத்தேன், குடிக்கவில்லை. சின்னவளைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்கு எடம் தெரியாது."

"என்ன மாமா சொல்றீங்க?"

"நல்ல மழை. காவலாளிதான் தோண்டினான். கொழந்தைங்களுக்குன்னு ஒரு மூலை இருக்கு, அங்க. நான் குடுத்துட்டுத் திரும்பி நின்னுட்டேன். என்னால பாக்க முடியல. முடிஞ்சுதுன்னு சொன்னான், அப்படியே நடந்து வந்துட்டேன். ரெண்டு வாரம் கழிச்சுப் போய்ப் பாத்தேன். நெறைய இருக்கு. எதுன்னு தெரியல. அந்தக் காவலாளியும் வேலைய விட்டுப் போயிட்டான்." டம்ளரைக் கீழே வைத்தான். "அதான் சொல்லல. மறைக்கணும்னு இல்ல. எப்படிச் சொல்றது இத?"

இத்தனை நாள் இவனை மனசுக்குள் எத்தனை திட்டு திட்டியிருப்பேன்.

"நீ ஒண்ணு செய்யி," என்று சின்னவளிடம் கெஞ்சினான். "நீ வந்து ஏதாவது ஒண்ணக் காட்டிடு. இதான்னு சொல்லிடு. மண்ணப் பத்திப் படிச்சவ நீ, நீ சொன்னா நம்புவா."

"தம்பி சொல்றதுதான் சரி," என்று நானும் சேர்ந்துகொண்டேன். "ஒரு பொய்யில அவ நிம்மதியா இருப்பான்னா சொல்லிட்டுப் போயேண்டி. என்ன குடி முழுகிடும்?"

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் பெரியவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இடுகாடு பெரியது. உள்ளே கடைசி மூலையில், மதில் ஓரம், குழந்தைகளின் இடம். பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. மழைக்கு முளைத்த களை முட்டிவரை நின்றது. "இங்கதான்," என்று புருஷன் கையைப் பொதுவாக நீட்டினான். பெரியவள் தங்கையைப் பார்த்தாள்.

சின்னவள் களையை விலக்கிக் குனிந்து குனிந்து நடந்தாள். அங்கங்கே குந்தி மண்ணைத் தொட்டுப் பார்த்தாள், விரலால் அழுத்தினாள். தோண்டி மூடின மண் கொஞ்ச நாளைக்கு இளகியே இருக்குமாம், பழசு இறுகிவிடுமாம். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போய்த் திரும்பினாள். புருஷன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லேன், ஏதாவது ஒன்றைச் சொல்லேன் என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

அவள் அக்காவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"மதிலோரமா இந்த வரிசை மட்டும்தான் அந்த மழைல தோண்டினது. இதுல ஏதோ ஒண்ணு. எதுன்னு எனக்குத் தெரியலக்கா. தெரியவும் தெரியாது, தோண்டினாலும் தெரியாது. இந்த வயசுக் கொழந்தைங்கள்ல எது யாருதுன்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது."

"இப்படிக் கல்நெஞ்சுக்காரியா இருக்கியேடி!" என்று என் வாயிலிருந்து வந்தேவிட்டது. புருஷன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பெரியவள் அந்த வரிசையைப் பார்த்தாள். அதிக நீளம் இல்லை. என்னிடம் திரும்பி, "திட்டாதீங்க ஸ்டோரக்கா," என்றாள். "கேட்டதுக்கு இவ ஒருத்திதான் பதில் சொல்லிருக்கா."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். களையை வேரோடு பிடுங்கி ஒதுக்கினாள், கட்டிகளை உள்ளங்கையால் உடைத்துத் தட்டிச் சமப்படுத்தினாள். பிறகு அடுத்தது. யார் யார் பெற்றதோ, எல்லாவற்றையும் ஒரே மாதிரி செய்தாள். சின்னவள் அவள் பின்னாலேயே போய்ப் பிடுங்கின களையை அள்ளினாள். நான் மட்டும் மரம் மாதிரி நிற்க முடியுமா? நானும் குனிந்தேன். புருஷன் ரொம்ப நேரம் மதிலில் சாய்ந்து நின்றுவிட்டு, மறுகோடிக்குப் போய் உட்கார்ந்து அங்கிருந்து பிடுங்கிக்கொண்டே வந்தான். நடுவில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். பெரியவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"என்னங்க. முடி இருந்துச்சா அவளுக்கு?"

அவன் கை நின்றது. "இருந்துச்சு. நெறைய. கறுப்பா."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு. தூங்குற மாதிரிதான் இருந்தா."

"இவ்வளவு தூரம் எப்படிக் கொண்டு வந்தீங்க?"

"ஆட்டோல. மடில வச்சுக்கிட்டு."

"கனமா இருந்தாளா?"

"கனமாத்தான் இருந்தா." அவன் மண் ஒட்டின கையை மடக்கிக் காட்டினான். "ரோடெல்லாம் குழி. வண்டி குலுங்கிக்கிட்டே வந்துச்சு. தலை ஆடிடக்கூடாதுன்னு இந்தக் கைலதான் தாங்கிக்கிட்டு வந்தேன். எறங்கும்போது கை மரத்தே போச்சு."

பெரியவள் மேட்டைச் சுற்றி நகர்ந்து அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடக்கின அந்தக் கையைப் பிரிக்காமல் அப்படியே பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதன் மேல் குனிந்து, அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதாள்.